பச்சை எழுத்தில் ‘சேர்ந்தது’

அருமனையிலிருந்து வந்த அந்த நர்ஸ், சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்தபடி எங்கள் அலுவலகப் படியேறி, “இன்டர்வியூ எப்பம் மேடம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்ட மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை. திருவனந்தபுரத்தில் நேர்காணல் முடிந்து அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. தேர்வாகிவிடுவோம் என்ற நம்பிக்கையில் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வேலையையும் விட்டிருந்தாள்.

களியக்காவிளையில், வளைகுடா மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் சிறிய நிறுவனம் அது. கணினி வேலைக்கு நான் ஒருத்தி. போனில் பேசுவதற்கு, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். எனக்கு முன்பே பல வருடம் அங்கே இருந்தவர். ஒவ்வொரு நேர்காணலுக்கும் ஒவ்வொருத்தியையும் அழைத்து, எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எந்தச் சான்றிதழை மேலே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார். சாயங்காலம் ஆகும்போது தொண்டை கட்டிவிடும். பிளாஸ்கில் கொண்டுவந்த சீரக வெந்நீரை மடக்கு மடக்காகக் குடிப்பார். அதைப் பார்த்துத்தான், போனுக்குப் பதிலாக மெயிலில் அழைப்பு அனுப்பும் ஒரு கணினி நிரலை எழுதத் தொடங்கினேன். அவருக்கு உதவி செய்வதாகவே அப்போது நினைத்தேன்.

நிரல் செய்தது எளிய வேலை. பட்டியலிலிருந்து பெயரையும் முகவரியையும் எடுத்து, கடிதத்தை அமைத்து, இணையம் வழியாக ஒரு மெயில் சேவையின் சர்வரிடம் ஒப்படைக்கும். சர்வர் உடனே இருநூற்று இரண்டு என்ற எண்ணைத் திருப்பித் தரும். ‘வாங்கிக்கொண்டேன், இனி அனுப்பப் பார்க்கிறேன்’ என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நான் அதை அக்காவின் திரையில் பச்சை எழுத்தில் ‘சேர்ந்தது’ என்று காட்டினேன். போகாத கடிதங்களைப் பற்றிச் சர்வர் பிறகு தனியாகத் தகவல் சொல்லும். அதைக் கேட்டு வாங்கும் பகுதியைப் பிறகு எழுதலாம் என்று விட்டிருந்தேன்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பிள்ளே, அந்த அருமனைக்காரி எந்த மெயிலுக்கும் பதிலு போடுவா. இந்தத் தடவை ஒண்ணும் வரல்ல. நான் ஒருக்கா போன்ல விளிச்சுக் கேக்கட்டா?”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சேர்ந்ததுன்னு காட்டுதே அக்கா. பின்ன எதுக்கு?”

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

அந்தப் பெண் வந்து கேட்ட மதியம், முதலாளி அக்காவை உள்ளறைக்கு அழைத்தார். கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது. ‘போன் பண்ணுறது உன் வேலை. ஒரு போன் பண்ண முடியாதா?’ அதே நேரத்தில் நான் மெயில் சேவையின் பக்கத்தைத் திறந்தேன். முன்பொரு முறை அந்த நர்ஸின் மெயில் பெட்டி நிரம்பியிருந்ததால் எங்கள் கடிதம் ஒன்று திரும்பியிருக்கிறது. அதோடு அந்த முகவரியைச் சேவை தன் தடைப்பட்டியலில் போட்டுவிட்டது. அதன் பிறகு போன ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, அனுப்பாமல் கீழே போட்டிருக்கிறது. கதவைத் தட்டி இதைச் சொல்லப் பத்தடி நடந்தால் போதும். நான் அந்தப் பக்கத்தை மூடினேன். பயம், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை. முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட, அக்கா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அன்றே இறங்கிப் போனார். என்னை மாட்டிவிட ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து முதலாளியிடம் சொன்னேன். “அது முடிஞ்ச காரியம். வெளியே பேசாதே” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருமனைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள், “எங்க அம்மை அந்த அக்காவுக்க வீட்டுல போய் ஏசிட்டு வந்தாளே” என்றாள்.

அக்கா மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தார். அங்கே போய் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் சேலை மடிப்பதை நிறுத்தவில்லை.

“அந்தப் பிள்ளைகிட்ட சொன்னியா?”

“சொன்னேன் அக்கா.”

“முதலாளி சாருகிட்ட?”

“சொன்னேன்.”

“அவளுக்க அம்மை எனக்க வீட்டு முத்தத்தில நின்னு மண்ணு வாரிப் போட்டா. எனக்க மோளு பாத்துட்டு நின்னா. அதுக்கப்புறம் மோளு எங்கிட்ட நேரே பேசல்ல.” சேலையைக் கீழே வைத்தார். “அவகிட்ட வந்து சொல்லு.”

கடை விட்டதும் ஒரே பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போனோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்த மகள் வாசலில் நின்றே கேட்டாள். சர்வர், தடைப்பட்டியல் என்று நான் தொடங்கியதும் இடைமறித்தாள்.

“அம்மா போன் பண்ணட்டான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

அவள் என்னைத் தாண்டிப் போய், தாயின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். “உள்ள வாங்கம்மா, சோறு ஆறுது” என்றாள். அக்காவின் முகம் கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளுக்குப் பின்னால் உள்ளே போனார்.

அந்த நர்ஸுக்கு ஒன்றரை வருடம் கழித்து வேறொரு நிறுவனம் வழியாக வேலை கிடைத்தது. அக்கா இன்னும் துணிக்கடையில்தான். எனக்கு அவர் போன் செய்ததில்லை. நான் செய்தால் எடுப்பார். “சொல்லு பிள்ளே” என்பார். அதற்குமேல் எனக்குத்தான் பேச்சு வராது.