ஓடக்காரர் யார் பங்கு?

ஆற்றின் மேற்குக் கரையில், செத்தவர்களுக்கு நீர் வார்ப்பதுதான் தாமினின் குடும்பப் பிழைப்பு. பத்து நாளைக்கு ஒருமுறை குடத்தோடு குன்றேறி, ஒவ்வொரு கல்லறை வாசலிலும் தண்ணீர் ஊற்றிப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். செத்தவரின் சொந்தக்காரர்கள் அதற்கு ரொட்டியும் பீரும் தருவார்கள். அப்பா போன பிறகு, வீட்டையும் மாட்டையும் போலவே கல்லறைகளையும் அவளும் தம்பியும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கோயில் வாசலில் எழுத்தர் பெத்தோசிர் பத்திரம் எழுதப் பாப்பிரஸ் தாளை மடியில் விரித்து உட்கார்ந்தார். சாட்சிகள் சுற்றி நின்றார்கள்.

"பூசாரி குடும்பம் எனக்கு, எண்ணெய் வியாபாரி உனக்கு" என்று தம்பி பாமோந்த் அடுக்கிக்கொண்டே போனான். தாமின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் மட்டும், "ஓடக்காரர் பாஹேவ என் பங்குல எழுதுங்கய்யா" என்றாள்.

பாஹேவுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவர் பேரில் காய்ந்த ரொட்டி தரக்கூட ஆளில்லை. சின்ன வயதில் தாமின் ஓடத்தில் ஏறினால், துடுப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஓடக்காரம்மா, எந்தக் கரைக்குப் போறோம்?" என்று கேட்பார். அவளிடம் வழி கேட்ட பெரியவர் அவர் ஒருவர்தான்.

பாமோந்தின் கண் சுருங்கியது. "அந்தக் கெழவன் எதுக்குக்கா உனக்கு? கல்லறைக்குள்ள ஏதாச்சும் வச்சிருக்காரா?"

"துடுப்பு வச்சிருக்காரு. வேணுமாடா?"

சாட்சிகள் சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப அவரு எனக்குத்தான். எழுதுங்கய்யா!"

தாமினுக்குத் தம்பியைத் தெரியும். பணக்காரக் கல்லறைகளெல்லாம் அடிவாரத்தில். பாஹே கிடப்பதோ உச்சியில். இவன் ஏறவே மாட்டான். பேர் சொல்ல ஆளில்லாதவர் இரண்டாம் முறையும் சாவார். கெஞ்சினால் இவன் பிடி இன்னும் இறுகும்.

"சரிடா, நீயே வச்சுக்க. ஆனா அய்யா, கூலிக்கு ஆள் அனுப்பாம இவனே ஏறிப்போய் ஊத்தணும்னு சேத்து எழுதுங்க. தவறினா கோயிலுக்கு அபராதம்."

பெத்தோசிர் பேனாவை மையில் தோய்த்தார். பாமோந்த் நிமிர்ந்து குன்றைப் பார்த்தான். குனிந்து தன் தொப்பையைப் பார்த்தான்.

"எழுதாதீங்க, எழுதாதீங்க! அக்காவே வச்சுக்கட்டும். எனக்கு முட்டி வலி."

"பீர் குடிக்கப் போறப்ப வலிக்காத முட்டியா தம்பி?" என்றார் சாட்சிகளில் ஒருவர்.

சாட்சிகள் தாளின் பின்பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். தாமினுக்கு எழுத்து தெரியாது. பாஹேயின் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரியை மட்டும் மை காயும்வரை ஊதினாள்.

அடுத்த முறை உச்சிக்கு ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. தம்பியின் முட்டிவலி பொய், அவளுடையது நிஜம். குடத்தை இறக்கிவைத்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"பாஹே மாமா! ஓடக்காரம்மா வந்திருக்கேன். இன்னும் கொஞ்சம் கீழ படுத்திருக்கக் கூடாதா நீங்க?"