நாலாவது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. யாராவது தோட்டத்தில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால், யாரோ காயப்போட்ட வேட்டியாக இருக்கும் என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்கிற ஆள் நான். ஈப்போவில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன், காதில் விழுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையே. அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் அக்கா ரோஸியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், என்னோடும் என் மனைவியோடும்தான் இருக்கிறாள். எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் வருஷக்கணக்காகப் பியானோ. குழுவை நடத்துகிற சேவியர் சாருக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை, இறந்தவர்களுக்கான பெரிய திருப்பலிப் பாடல் ஒன்றைக் கல்லறைத் திருநாளுக்கு முழுசாகப் பாட வேண்டும் என்று. அது நூறு பேர் பாட, ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசிக்க எழுதியது. எங்களிடம் ஆர்கெஸ்ட்ரா ஏது? ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் இதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். ரெக்கார்டு, ரேடியோ எல்லாம் வருவதற்கு முன்னால் இவ்வளவு பெரிய பாடலை வீட்டில் கேட்க வேண்டும் என்றால், மொத்தத்தையும் சுருக்கி ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி எழுதிவிடுவார்கள். நாலு கைகளுக்குள் எல்லாம் வந்துவிடும்.

அக்கா வலப்பக்கம் உட்காருவாள், நான் இடப்பக்கம். அவள் வலது கையில் உச்சக் குரலான சோப்ரானோ, இடது கையில் நடுக் குரல்களான ஆல்டோவும் டெனரும், என் இரண்டு கைகளில் அடிக்குரலான பேஸும் ஆர்கெஸ்ட்ராவும். நடுவில் அவள் இடது கையும் என் வலது கையும் ஒரே கட்டைகளுக்காக முட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் யார் கையைத் தூக்கி வழிவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டுதான் வாசிப்போம். பாதிப் பாடலைத் தயார் செய்திருந்தபோது அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு தப்பித்தது, கால் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது, ஆனால் இடது கை மட்டும் அப்படியே போய்விட்டது. அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பிசியோவில் ஊசியால் குத்திப் பார்த்தபோதுகூட, "குத்திட்டீங்களா?" என்று கேட்டாளாம்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "வலது கை இருக்குல்ல, நான் வாசிப்பேன்" என்றாள். சேவியர் சார் நல்ல மனிதர், நேரடியாக முடியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அக்கா இடத்தில் வாசிக்கத் தைப்பிங்கிலிருந்து லிம் டீச்சர் என்று ஒருவரைப் பேசி வைத்துவிட்டு, பயிற்சி முகாமில் வைத்து முடிவு செய்வோம் என்றார். கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை எங்கள் குழுவில் பாடுகிற பிலோமினா அக்கா வாங்கி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார், அங்கேதான் முகாம். எல்லோரும் சாயங்காலம் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு, பியானோவைப் பார்த்து வைக்க நானும் அக்காவும் மதியமே காரில் கிளம்பிவிட்டோம்.

"அந்த லிம் டீச்சரும் வாராங்களா?" என்று வழியில் கேட்டாள்.

"வாராங்க க்கா."

"அப்ப நான் எதுக்கு வாரேன்?"

முன்பு ரப்பர்ப் பால்மரமாக இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை, அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பங்களா ஹாலில் இருந்த பியானோ எந்தத் துரை விட்டுவிட்டுப் போனதோ தெரியாது, ஆனால் பிலோமினா அக்கா முந்தின வாரம்தான் ஈப்போவிலிருந்து ஆள் வரவழைத்துச் சுருதி சேர்த்திருந்தார். நல்ல சத்தம். பிலோமினா அக்கா சமையலறையில் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தார், வெளியே நல்ல மழை, பட்டப்பகல்தான், விளக்குகூடப் போட்டிருந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால் இருட்டில் என்னத்தையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா தன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்து, மேலே ஷாலைப் போட்டுக்கொண்டாள், எப்போதும் அப்படித்தான் செய்வாள், அந்தக் கையைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. ஆரம்பத்திலிருந்து வாசித்தோம். கேட்கவே கஷ்டமாக இருந்தது. மேலே சோப்ரானோ தனியாகப் போகிறது, கீழே நான் போகிறேன், நடுவில் ஒன்றுமே இல்லை, பல் விழுந்த வாய் மாதிரி. அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பகுதி வந்தது, எல்லாக் குரலும் சேர்ந்து கத்துகிற இடம், என் இரண்டு கைகளுக்கும் வேலை சரியாக இருந்தது, கண்ணைத் தாளைவிட்டு எடுக்க முடியாது.

அப்போதுதான் டெனர் கேட்டது.

முதலில் மெதுவாக, ஒற்றை ஒற்றையாக, பிறகு ஆல்டோவும் சேர்ந்துகொண்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அக்கா வலது கையை விரித்து இரண்டையும் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன். முடியாது, சோப்ரானோ மேலே எங்கேயோ போகிறது, அந்த அகலத்துக்கு எந்த மனிதக் கையும் எட்டாது, இது எனக்குத் தெரியும், ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், மனசு எதையாவது பிடித்துக்கொள்ளும் இல்லையா. அப்புறம் நானும் அவளும் முட்டிக்கொள்கிற இடம் வந்தது. அங்கே நான்தான் கையைத் தூக்க வேண்டும், அந்தக் கையோடு வாசித்துப் பல மாதம் ஆகிவிட்டதால் மறந்துவிட்டேன். என் வலது மணிக்கட்டில் ஒரு இடி இடித்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், விரல் முட்டிகள்தான் அவை, எலும்பு பட்டது நன்றாகத் தெரிந்தது. மறந்து நின்றால் அக்கா எப்போதும் இடிப்பாளே, அதே இடி.

திரும்பிப் பார்த்தேன். ஷால் அப்படியே மடியில் இருந்தது, ஓரத்தில் அவள் இடது கை விரல்கள் தெரிந்தன, அசைவே இல்லை. அக்கா நேராகத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம்.

"நிறுத்தாத டா" என்றாள்.

நிறுத்தாமல் வாசித்தேன். கட்டைகளைப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிலோமினா அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "ரோஸி, கை வந்துருச்சா! அங்க வரைக்கும் கேக்குது லா, நாலு கையும் சேந்து..." என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தவர், மடியைப் பார்த்தார். பிறகு கட்டைகளைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, இன்றுவரைக்கும் சொல்ல மாட்டேன் என்கிறார். "ஏசுவே!" என்று ஒரு சத்தம், அடுத்த நொடி பியானோ மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடித்து மூடினார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அக்காவின் வலது கையும் தப்பித்துவிட்டது, என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் அக்கா அலறினாள்.

"ஐயோ, என் கை! கைய நசுக்கிட்டீங்களே!"

மடியிலிருந்த இடது கையைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துடித்தாள். ஊசி குத்தினாலும் தெரியாத கை.

"வலிக்குதா? அந்தக் கையா?" என்று கேட்டேன்.

"வலிக்குது டா, வலிக்குது" என்றாள், அழுகையும் சிரிப்புமாக, எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஐஸ் வைத்துக் கட்டினோம். சாயங்காலம் பஸ் வருவதற்குள் அந்தக் கையின் நாலு விரல்களிலும் குறுக்காக ஒரே நேர்க்கோட்டில் கன்றிப்போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கை அவள் மடியைவிட்டு நகரவில்லை, நான் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பிற்பாடு டாக்டரிடம் காட்டினோம், உணர்ச்சி இல்லாத கை, எங்கேயோ இடித்திருப்பீர்கள், தெரிந்திருக்காது என்றார். அப்படியானால் வலி எப்படித் தெரிந்தது? அதற்கும் ஏதோ ஒரு பெயர் சொன்னார். இருக்கலாம்.

மறுநாள் காலையில் குழுவே சுற்றி நிற்க, சேவியர் சார், "ரோஸி டீச்சர், ஒரு தடவ வாசிச்சுப் பாப்போமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இவ்வளவு நாள் விட்டுக்கொடுக்காதவள், "வேணாம் சார், லிம் டீச்சர் வாசிக்கட்டும். எனக்குக் கை வலிக்குது" என்றாள். எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கே காரில் திரும்பி வரும்போது நான் கேட்டேன், ஏன் விட்டுக்கொடுத்தே என்று.

"அவ்வளவு பேர் முன்னால வந்தா, அத என்னா செய்வாங்க? நேத்து பிலோமினா செஞ்சத பாத்தல்ல."



கல்லறைத் திருநாளன்று லிம் டீச்சர் நன்றாகவே வாசித்தார், ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு நாள் பகுதி வந்தபோது ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தேன். வலது கையால் இடது கையைத் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், ரோட்டைப் பார்த்து ஓடப் பார்க்கிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி, முழு பலத்தோடு, பாட்டு முடிகிற வரைக்கும்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பியானோ பக்கம் போவதில்லை. பிலோமினா அக்கா அந்தப் பியானோவை யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தக் கையும் அப்படியேதான் இருக்கிறது, பிசியோவை நிறுத்திவிட்டோம்.

ஒரே ஒரு விஷயம். அக்காவுக்கு நான்தான் நகம் வெட்டிவிடுகிறேன், நகவெட்டியை அவள் இடது கையால் பிடிக்க முடியாதே. வலது கை நகம் எல்லோருக்கும் போல வளர்கிறது. அந்த முகாமுக்குப் பிறகு இடது கையில் வெட்ட எனக்கு எதுவுமே இருந்ததில்லை. பியானோ வாசிக்கிறவர்கள் நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டி ஓரத்தை மழுங்க ராவி வைத்துக்கொள்வோம், கட்டையில் படக் கூடாது என்று. எப்போது பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அவளே வலது கையால் வெட்டிக்கொள்கிறாள் என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், நினைத்துக் கேட்டும்விட்டேன். போன வாரம் நகவெட்டியோடு உட்கார்ந்து, "க்கா, இடது கைய நீயே வெட்டிக்கிறியா?" என்றேன்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எங்கடா வெட்டுறேன்? அது பாத்துக்கும், விடு" என்றாள்.