எல்லாப் பியருக்கும் ஒரே கிளாஸ்

மன்னார்த் தீவில் அந்த விடுதிக்குப் போய் பியர் கேட்டால், வயிறு கொஞ்சம் பருத்து, வாய் கொஞ்சம் சிறுத்த ஒரு கிளாஸில் கொண்டுவந்து வைப்பார்கள். கறுப்புப் பியர் கேட்டாலும் அதுதான், வெளிர்ப் பியர் கேட்டாலும் அதுதான். அந்தக் கிளாஸைத் தெரிந்தெடுத்தவள் நான். அங்கே யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

விடுதி முதலாளி எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், என்னைவிட இளையவர். சுவிஸில் பல வருடம் இருந்துவிட்டு வந்து கடற்கரையோரம் எட்டு அறை கட்டினார். வாடைக்காற்றுக் காலத்தில் பூநாரை பார்க்க வெள்ளைக்காரர் வருவார்கள். சோளகக்காற்றுப் பிடித்தால், பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற கூட்டம் வரும். நான் சமைக்கத்தான் போனேன். அதற்கு முன்னர், மனுசன் காய்ச்சலில் போன பிறகு, கருவாட்டு வாடியில் மீன் கீறிக்கொண்டிருந்தேன். உப்பு விரல் இடுக்கெல்லாம் தின்றுவிட்டிருந்தது. குசினிக்கு வந்தும் அது ஆறவில்லை, அங்கேயும் நாள் முழுக்கத் தண்ணீர்தானே.

ஒருநாள் முதலாளி சொன்னார்: "அக்கா, பியர் லைசன்ஸுக்குப் போட்டிருக்கிறன். வந்தால் அந்தப் பகுதி முழுக்க உங்கட பொறுப்பு. அலுமாரித் திறப்பும் உங்களிட்டத்தான்."

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இருக்க ஒரு கதிரை, இடுப்பில் ஒரு திறப்பு, காய்ந்த கை. அன்று முழுக்க உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தேன். அதை இப்போது நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

லைசன்ஸ் இல்லாத அந்த நாட்களில் விருந்தினர் தங்கள் போத்தலைத் தாங்களே வாங்கிவருவார்கள், நாங்கள் கிளாஸ் கொடுப்போம். முதலாளி சுவிஸிலிருந்து ஒரு பெட்டியில் ஆறு விதமான கிளாஸ் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பியருக்கும் ஒவ்வொன்றாம். எங்கள் வீட்டில் கள்ளுக்கும் தேத்தண்ணிக்கும் பேதி மருந்துக்கும் ஒரே சில்வர் டம்ளர்தான், ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் ஆறு விதத்திலும் வாங்கி அடுக்க அலுமாரியில் இடமில்லை. "எல்லாத்துக்கும் சரிவாற மாதிரி ஒண்டைத் தெரிஞ்செடுங்கோ அக்கா. கொழும்பில சொல்லி நாற்பது எடுப்பம்," என்றார்.

முதல்நாளே பிழை விட்டேன். பறவை எண்ண வந்த ஒரு பெல்ஜியக்காரருக்கு விளிம்புவரை ஊற்றிக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு எதைக் கொடுத்தாலும் தளும்பத் தளும்பத்தான் கொடுப்போம். கொஞ்சம் குறைந்தால் கஞ்சப்பிசினாறி என்று ஊர் முழுக்கக் கதை போய்விடும். நுரை பொங்கப் பொங்கக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, மேலும் மேலும் ஊற்றி நிரப்பியிருந்தேன். மனிதர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: நுரை குப்பையில்லை, வாசம் அதில்தான் நிற்கும், மூக்குக்குக் கொஞ்சம் இடம் விடவேண்டும். முதலாளி எனக்கு அதை விளங்கப்படுத்தினார். அந்தப் பெல்ஜியக்காரர் சிரிக்கவில்லை, அது பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு நான் விட்டேனா? மூன்று கிழமை ஆறு கிளாஸையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். கைபிடி வைத்த தடித்த குவளை பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் தூக்கிக் கை நோகிறதென்று ஒரு கிழவி அதைத் திருப்பி அனுப்பினா. கோதுமைப் பியருக்கென்று இருந்த நெட்டைக் கிளாஸ் விறாந்தையில் காற்றுக்கு மூன்று தரம் விழுந்து, மூன்றாம் தரம் போய்ச் சேர்ந்தது. ஒற்றைக்கால் கிளாஸின் கால் கழுவும்போதே முறிந்தது. குடுவை போல இருந்ததில் வாசம் நன்றாக நின்றது, ஆனால் வெளிர்ப் பியர் அதில் சுறுக்கென்று சூடேறிவிட்டது. நேரான கிளாஸில் கறுப்புப் பியரின் வாசம் ஒரு நிமிடத்தில் காற்றோடு போனது. மிஞ்சியது இந்தக் கிளாஸ்தான். குட்டைக் கால், கனத்த அடி, சிறுத்த வாய். சின்னப் போத்தல் முழுவதும் கொள்ளும், அதற்கு மேலே மூன்று விரல் நுரைக்கும் இடம் இருக்கும்.

கிளாஸ் மட்டும் நல்லதாக இருந்து காணாது என்பதையும் நானே கண்டுபிடித்தேன். மீன் கோப்பையோடு சேர்த்துக் கழுவினால் எண்ணெய் பட்டு நுரை உடனே செத்துப்போகும். எங்கள் கிணற்றின் உவர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை படியும். அதனால் கிளாஸுக்குத் தனி வாளி, தேசிக்காய்ப் புளி, கடைசி அலசலுக்குப் பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீர். துடைக்கக்கூடாது, கவிழ்த்துக் காயவிடவேண்டும்.

குடித்தும் பார்த்தேன், ஓம். பிள்ளைக்கு இருமல் மருந்து கொடுக்கிற கரண்டியால், விருந்தினர் போத்தலில் மிச்சம் விட்ட ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. ஒன்று பாகற்காய், ஒன்று கருகிய கோப்பி, ஒன்றில் கராம்பு வாசம். பிறகு ஏலக்காயைச் சப்பிக்கொண்டு செபமாலைக்குப் போய் முன்வரிசையில் முழந்தாளிட்டேன். பாவம் என்று தோன்றவில்லை. ஒரு வேலையைப் படிக்கிறேன் என்றுதான் தோன்றியது.

லைசன்ஸ் வந்தது. கொழும்பிலிருந்து நாற்பது கிளாஸும் வந்தன. அலுமாரியில் அடுக்கி முடித்தேன். அப்போது முதலாளி பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை. குடிவகை விக்கிற இடத்தில பொம்பிளையளை வேலைக்கு வைக்கிறதெண்டால் தனி அனுமதி எடுக்கவேணுமாம். உது பெரிய அலைச்சல். இப்போதைக்கு எங்கட விடுதி வான் ஓடுற அண்ணை நிக்கட்டும். ஒரு கிழமை அவருக்குக் காட்டிக்குடுங்கோவன்."

வான் ஓடுகிறவர் நல்ல மனிதர். ஆனால் போத்தல் மூடியைப் பல்லால் திறப்பவர். போத்தலோடு வாயில் வைப்பவருக்குக் கிளாஸ் எதற்கு?

சட்டம் இருக்கிறதென்றால் சட்டத்தின்படியே கேட்டுப் பார்ப்போம் என்று அடுத்தநாள் பஸ் ஏறி லைசன்ஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். "முதலாளி கையெழுத்து வைச்சுத் தந்தால் அனுப்பலாம், அம்மா. பெரிய வேலையில்லை," என்றார். அந்தத் தாளை மடிக்காமல் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் அதை வாசிக்கவேயில்லை.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பொம்பிளை நிண்டு பியர் ஊத்துறதை எங்கட சனம் கண்டால் கோயிலில என்ர முகத்தில முழிக்காதுகள். பங்குச் சுவாமியும் கேப்பார்."

"அப்ப சட்டமில்லை, தம்பி. உங்களுக்கு விருப்பமில்லை."

அவர் படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். சுவிஸில் அத்தனை வருடம் இருந்த மனிதர்! அங்கே அவருக்குப் பியர் ஊற்றிக்கொடுத்த பெண்களையெல்லாம் இங்கே எந்த லாச்சியில் வைத்துப் பூட்டினாரோ.

பிறகு நடந்ததுதான் பகிடி. வான் ஓடுகிறவருக்குக் கை வரவேயில்லை. ஒன்றில் நுரை பொங்கி மேசையில் ஓடும், இல்லாவிட்டால் குளத்துத் தண்ணீர் போலச் செத்துக் கிடக்கும். இரண்டு விருந்தினர் கிளாஸைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி குசினி வாசலில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டார். திரைக்கு உள்ளே நான் ஊற்றவேண்டும், வெளியே வான் ஓடுகிறவர் வாங்கிக்கொண்டு போகவேண்டும். தனி அனுமதி பற்றி அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. ஊற்றுகிற கை பொம்பிளையின் கையாக இருப்பதில் ஒருவருக்கும் பிரச்சினையில்லை, கண்டால்தான் பிரச்சினை. எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் கருவாட்டு வாடிக்குத் திரும்பிப் போக மனமில்லாமல் ஊற்றினேன்.

போன சோளகத்தில் ஒரு மத்தியானம், வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி, கடலில் சறுக்கிவிட்டு நனைந்த தலையோடு வந்து பியர் வாங்கிக் குடித்தாள். எழும்பி வந்து திரையை விலக்கினாள். நான் அடுத்த மேசைக்குக் கறுப்புப் பியர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்த கிளாஸை உயர்த்திக் காட்டி, அருமையான கிளாஸ், இதைத் தெரிந்தெடுத்தது நீங்களா என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் முதலாளி ஓடிவந்தார். அவரும் இங்கிலீஷில்தான் பதில் சொன்னார். அந்த அளவு எனக்கு விளங்கும்.

"இல்லையில்லை. இவ இங்கே கிளாஸ் கழுவுகிறவ."

நான் ஊற்றி முடித்திருந்தேன். நுரை சரியாக மூன்று விரல், ஒரு குறையும் சொல்லமுடியாது. அந்தக் கிளாஸை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவ்வளவையும் தொட்டிக்குள் கவிழ்த்து ஊற்றினேன். பிறகு தேசிக்காய் போட்டு, அதை வடிவாகக் கழுவினேன்.