பழைய திரியில் எழுதுவதற்கு முன்

அண்ணாச்சியின் கைப்பேசி எப்போதும் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில்தான் கிடக்கும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் அவருடைய பாத்திரக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தத் தாம்பாளம், அதன் நடுவில் போன். மேசைமேல் வைத்தால் சந்தை இரைச்சலில் கேட்காது என்பார். தாம்பாளத்தில் வைத்தால் போன் அதிரும்போது தட்டும் சேர்ந்து அதிரும். கடைக்கோடியில் நின்று குக்கர் மூடி தேடிக்கொண்டிருந்தாலும் காதில் விழும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது எங்கே தட்டு அதிர்ந்தாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. வள்ளியூரிலிருந்து கழக்கூட்டத்துக்கு, ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைக்கு வந்த புதிதில் வாடகை வீடு தேடி அதில் சேர்ந்தேன். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதிக்கொண்டே போவார்கள். அந்தத் தொடர் முழுவதற்கும் திரி என்று பெயர். வாட்ஸப் குழுவில் போட்டது மறுநாளே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மன்றத்தில் போட்டது அப்படியே கிடக்கும். நல்லதுதான். ஆனால் எத்தனை பழைய திரியானாலும் யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் அது எழுந்து பட்டியலின் உச்சிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ஆரம்பித்தவருக்கும் அறிவிப்பு போய்விடும்.

மன்றத்தின் மட்டுறுத்துநர், அதாவது பதிவுகளை ஒழுங்குபடுத்துகிறவர், அண்ணாச்சிதான். பாத்திரம் எடை போடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் எங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். தம்பானூர் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு என்று எந்தக் காலத்திலோ போட்ட விளம்பரத்தின் அடியில் போய் ஒருவர், ‘வீடு காலியா இருக்கா?’ என்று கேட்டார். உடனே அண்ணாச்சி எழுதினார்: ‘அந்த வீட்ட இடிச்சு பிளாட் கட்டி, பிளாட்டுலயும் பெயிண்ட் உரிஞ்சாச்சு. தேதிய பாத்துட்டு எழுதும்வே.’ எழுதிய கையோடு, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி திரியைப் பூட்டிவிட்டார். மன்றத்தின் முகப்பில் அவர் எழுதிய விதி பெரிய எழுத்தில் நிற்கும்: ‘புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் பழைய திரியில் எழுதாதீர்கள்.’ ஒரு திரி கொஞ்ச காலம் சும்மா கிடந்தாலே பூட்டு விழுந்துவிடும். கடைக்காரர் கடையைப் பூட்டினால் போதாதா என்று நாங்கள் எங்களுக்குள் கேலி செய்துகொள்வோம்.

ஒரே ஒரு திரி மட்டும் பூட்டப்படாமல் இருந்தது. மன்றத்திலேயே மிகப் பழைய திரிகளில் ஒன்று அது. கல்லாற்றுப் பக்கம் போன தன் தம்பியைக் காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று ஓர் அண்ணன் போட்டது. எழுதியவரின் பெயரை நான் கவனித்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இட்லிக் கொப்பரை வாங்க அவர் கடைக்குப் போயிருந்தேன். கொப்பரையைத் தட்டித் தட்டிக் காட்டி அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தாம்பாளம் அதிர்ந்தது. அண்ணாச்சி கொப்பரையைக் கீழே போட்டார். வைக்கவில்லை, போட்டார். போனை எடுத்துப் படித்த அவர் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. உதடு திறந்தபடி இருந்தது, கண் ஒரே வரியை மறுபடி மறுபடி படித்தது. பிறகு முகத்தில் இருந்ததெல்லாம் மெல்ல வடிந்துபோக, ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரோ நல்லெண்ணக்காரர் அந்தப் பழைய திரியில் எழுதியிருந்தார்: ‘இப்போதுதான் பார்த்தேன். தகவல் ஏதாவது கிடைத்ததா?’

எல்லோரையும் வாட்டி எடுக்கிற மனுஷர் அவருக்கு மட்டும் ‘இல்லை. நன்றி’ என்று எழுதிவிட்டுப் போனைத் தாம்பாளத்தில் வைத்தார்.

“மத்ததுக்கெல்லாம் மணியடிக்காம அணைச்சு வச்சிருக்கேன் தங்கச்சி. இந்த ஒண்ணுக்குத்தான் அடிக்கும். அடிச்சா அவன் சேதியாத்தான் இருக்கணும்னு ஓடி வாரேன். வந்து பாத்தா, தகவல் உண்டான்னு எங்கிட்டயே கேக்கான்.”

அன்றுதான் விஷயம் முழுவதும் தெரிந்தது. அந்தத் திரியைப் போட்ட அண்ணன் இவர்தான். தம்பி கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவன். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண வீட்டுச் சீர் கடையில் இருந்தபோது, ஒரு வீட்டுக் குடத்தில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் பெயரை வெட்டிவிட்டான். இரண்டு குடும்பமும் கடையில் நிற்க, அவர்கள் முன்னாலேயே அண்ணாச்சி அவனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். மறுநாள் கூட்டாளிகளோடு கல்லாற்றுக்குப் போனவன் திரும்பவில்லை. பாறைமேல் செருப்பும் சட்டையும் இருந்தன. ஆறு கொண்டுபோய்விட்டது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. ஊரில் காரியம் செய்யச் சொன்னபோது அண்ணாச்சி மறுத்துவிட்டார். குடத்தைப் பற்றி மட்டும் அவர் திரியில் எழுதவில்லை. அதை எழுத அவருக்குக் கை வரவில்லையாம்.

“இனி என்னால ஆவாது. புதுசா வார ஆளு எழுதுகதை நீ மொதல்ல பாரு. ஒண்ணுமில்லாத்ததை எல்லாம் அங்கயே தடுத்துரு. உள்ளதா இருந்தா மட்டும் விடு. கேட்டியா?” என்றார்.

அப்படித்தான் நானும் மட்டுறுத்துநர் ஆனேன். புதிய உறுப்பினர் எழுதும் முதல் பதிவு என் பார்வைக்கு வரும். நான் அனுமதித்தால்தான் மன்றத்தில் தெரியும். அந்தத் திரிக்கு வந்த அனுதாபங்களையும் ஜோசியர் முகவரிகளையும் ‘ஆழ்ந்த வருத்தங்கள்’களையும் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிருக்கிறேன். தள்ளும்போதெல்லாம் ஒரு பயம். இதற்குள் ஏதாவது உண்மை இருந்து, அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டால்?

போன மாதம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பதிவு வந்தது. புதியவன் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் எழுதியிருந்தார்: ‘பழைய திரியை எழுப்புவதற்கு மன்னிக்கவும். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.’

டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். யாராவது விளையாடுகிறார்களா? விளையாட்டை நான் உள்ளே விட்டால் அண்ணாச்சி தாங்க மாட்டார். உண்மையைத் தடுத்துவிட்டால், எழுதியவர் இன்னொரு முறை எழுதுவாரா என்பது சந்தேகம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருகிற ஆள் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடியவர். அவருக்குத் தனிமடலில் ஒரே கேள்வி கேட்டேன்: ‘வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின நாள் கடையில் என்ன நடந்தது?’ அனுப்பிய பிறகு கேட்டது தப்போ என்று தோன்றியது. மறக்க நினைத்த ஒன்றையே முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டேனே.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நடுவில் அண்ணாச்சி வேறு ஏதோ திரியைப் பற்றிப் பேச போன் செய்தார். குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மீட்டிங்கில் இருப்பதாகப் பொய் சொல்லி வைத்துவிட்டேன். வேலையில் மனம் ஒட்டவில்லை, தொகைகள் தப்புத் தப்பாக வந்தன. கடைசியில், எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்ட ஒரு காலையில் பதில் வந்தது.

‘குடத்துல பேரு மாத்தி வெட்டிட்டேன். அண்ணன் சத்தம் போட்டான். ஆத்துல போயிட்டேன்னு எல்லாரும் நெனச்சா நல்லதுன்னு அப்ப தோணிச்சு. இந்தப் பக்கத்தை நான் பார்க்காத வருஷம் கிடையாது. மேலே அந்த விதியைப் படிப்பேன். புதுசா சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? அதனால எழுதலை. தப்புன்னா எடுத்துருங்க.’

படித்துவிட்டு அழுதேன். ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை. யாரும் சும்மா வந்து அண்ணனைப் பதற வைக்கக் கூடாதென்று வைத்த விதி, யாருக்காக இத்தனை காலம் கதவு திறந்து கிடந்ததோ அவரையே வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. அதிலும் எழுத்து அண்ணனுடையது. திட்டுகிற அதே குரலில்தானே தம்பி அதைப் படித்திருப்பார்!

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். தம்பானூரில் பஸ் இறங்கி சாலைக் கடைத்தெருவுக்கு யோசித்துக்கொண்டே நடந்தேன். வாயால் சொல்வதா? சொன்னால், எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று கேட்பார். என்னிடம் பதில் இல்லை. தம்பி எழுதியதைத் தம்பியின் வார்த்தையிலேயே அவர் படிக்கட்டும் என்று தோன்றியது. ஆனால் படிக்கும்போது தனியாக இருக்க வேண்டாம். கடைக்குள் போய் அவருக்கு எதிரே நின்றுகொண்டு என் போனில் அனுமதி பொத்தானை அழுத்தினேன்.

தாம்பாளம் அதிர்ந்தது. அண்ணாச்சி வழக்கம்போலப் பாய்ந்து எடுத்தார், படித்தார். நான் பயந்தபடி சரிந்துவிடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது எவனாவது களிப்பிக்கதா? வெளையாட்டுக்கு எழுதுனதா?”

“இல்ல அண்ணாச்சி. குடத்தைப் பத்திக் கேட்டேன். சொன்னாங்க.”

“கொடமா?” என்றார். அப்புறம் அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது முதலில் வந்தது கோபம். “மன்னிக்கவுமாம்! சொந்த வீட்டுத் திரியில எழுதுகதுக்கு மன்னிக்கவுமா?”

பிறகு பதில் எழுத உட்கார்ந்தார். ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய பதிவையும் குறை சொன்ன மனுஷர், எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். ‘எங்கலே இருக்க’ என்று எழுதி என்னிடம் காட்டினார். “இப்பிடிக் கேட்டா பயந்துருவான் அல்லே?” அழித்தார். ‘உடனே வா’ என்று எழுதினார். “அதட்டுக மாதிரி இருக்கு.” அதையும் அழித்தார். கடைசியில் ஒரு வரி அனுப்பினார்: ‘கடை அதே இடத்தில்தான் இருக்கிறது.’

எனக்கு அடுத்த கவலை பிடித்தது. மன்றத்துக்காரர்கள் இனிச் சும்மா இருக்க மாட்டார்களே. வாழ்த்தும் கேள்வியும் கைதட்டலுமாக வந்து குவிந்தால் தம்பி மிரண்டு ஓடிவிடுவார். வருவதையெல்லாம் நீக்கத் தயாராகப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அதை இப்போது பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள் தெரியும். அன்று பெயர் மேல் பெயராக வந்துகொண்டே இருந்தது. வாடகை வீட்டுக்காரர், ரயில் நேரம் கேட்கிறவர், அண்ணாச்சியிடம் திட்டு வாங்கிச் சண்டை போட்டு விலகியிருந்தவர்கூட. எல்லோரும் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். ஒருவரும் ஓர் எழுத்து எழுதவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. நேற்று மதியம் பயந்துகொண்டே அந்தத் திரியைத் திறந்தேன். அடியில் மூன்று பெயர்கள் இருந்தன. அண்ணாச்சி, புதியவன், நான். எழுதாமல், அசையாமல், அந்த ஒரு வரியின் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன்.