உசிலம்பட்டிக்குக் கொண்டுபோன மைப்பெட்டி

கடவுளுடைய ஆட்சி நல்லது என்று சொல்லிவிட்டு வருவதற்காக மேற்கே போனேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், மாசி மாதக் கடைசி. உசிலம்பட்டிக்குத் தெற்கே ஓர் ஊரில் பத்து வீட்டார் கிறிஸ்தவ வேதம் கேட்க விரும்புவதாகச் சேதி வந்தது. மதுரையில் உபதேசியார் வேலை பார்க்கும் என்னைப் போதகர் அனுப்பினார். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதமாட்டேன். அவர்களைப் பட்டியல் போட்டவர்கள் ஏற்கெனவே போதும்.

முன்பு ரயில் இருந்தது. சண்டைக்கு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரி பஸ்தான். இருபத்துநாலு மைல், எட்டணா. காலை ஏழுக்குக் கிளம்பி நாகமலையில் ஒருமுறை மூச்சு முட்டி நின்றது. கண்டக்டர் பின்னால் போய்க் கரியைக் கிளறும்வரை எல்லோரும் இறங்கி நின்றோம். செக்கானூரணிக்கு ஒன்பதே கால், உசிலம்பட்டிக்குப் பத்தரை. வெள்ளை வேட்டி கட்டிப் போகாதீர்கள், கரித்தூள் ஒட்டினால் போகாது.

டிரைவர் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"பொழுது சாயறதுக்குள்ள பேசி முடிச்சிருங்க அய்யா. அதுக்கப்புறம் அந்த ஊர்ல ஆம்பள ஆளு ஒருத்தரும் இருக்க மாட்டாக."

ரேகைச் சட்டத்தைச் சொன்னார். ஒரு சனத்தையே பிறவிக் குற்றவாளி என்று எழுதி, வயது வந்த ஆண்களின் கைரேகையை எடுத்து வைத்திருந்தது சர்க்கார். குற்றம் செய்தவனோ செய்யாதவனோ, தினமும் இரவு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். அதைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டதோடு சரி.

உசிலம்பட்டியிலிருந்து மூன்று மைல் நடை. வழியில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். சோளம் அறுத்த தட்டைகள் காலைக் குத்தின. வேப்பமரத்தடியில் இருபது பேர் காத்திருந்தார்கள். முன்னால் மாயாண்டி, மூன்று ஏக்கர் மானாவாரிக்காரர், முப்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி ஒச்சாயி. அவள் மடியில் நாலு வயதுப் பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தது.

நம் ராஜாவாகிய கடவுள் நம் தலைமயிரைக்கூட எண்ணி வைத்திருக்கிறார் என்று ஆரம்பித்தேன். மதுரையில் இதைச் சொன்னால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை.

"எதுக்கு எண்ணுறாரு?" என்றார் மாயாண்டி.

"ஒருத்தர் காணாமல் போனாலும் தேடுவதற்கு."

"ஸ்டேசன்லயும் அதுக்குத்தேன் எண்ணுறாக. தேடிக் கண்டுபுடிச்சா அடிப்பாரா?"

"அடிக்கமாட்டார். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி வீட்டுக்குத் தூக்கி வருவார்."

மாயாண்டி கேட்டார். "அப்ப அவரு ஆட்சியில ராத்திரி வீட்ல படுத்துக்கலாமா?"

படுக்கலாம் என்றேன். இத்தனை வருஷப் பிரசங்கத்தில் அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் சொன்னதில்லை.

ஒச்சாயி அப்போதுதான் வாய் திறந்தாள். "ராத்திரியிலதேன் பிள்ளைக்கு இழுக்குது அய்யா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட ஊர்ல ஒரு ஆம்பள இல்ல."

என் பையில் போதகர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இருந்தது. இவர் எங்களுக்குத் தெரிந்தவர், இரவில் வீட்டில் படுக்க அனுமதியுங்கள் என்று எழுதியிருந்தது. அதைக் காட்டினால் சில சமயம் போலீஸ் அதிகாரி விலக்குக் கொடுப்பார். பெயர் மட்டும்தான் எழுத வேண்டும். வேதம் படிக்கச் சேருகிறவருக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார் போதகர். விவரம் சொன்னதும், சேருகிறேன் என்றார் மாயாண்டி.

நான் பதிவேட்டை விரித்தேன். எழுத்தறியாதவர்களிடம் பெயருக்கு எதிரே இடது பெருவிரல் ரேகை வாங்குவது என் வழக்கம். போதகர் கேட்டதல்ல, என் சொந்த ஏற்பாடு. எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. மைப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

மாயாண்டி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"இதுவுமா அய்யா?" என்றார்.

அந்த இடத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே, ரேகை வைத்தால் கடிதம்" என்றேன். அவர் வைக்கவில்லை. நான் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

சித்திரையில் மறுபடியும் போனேன். மாசியில் நான் திரும்பிப் போன மூன்றாம் இரவு பிள்ளைக்கு ஜன்னி கண்டிருக்கிறது. ஒச்சாயி தனியாகவே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பாதி வழியில் தோளிலேயே உயிர் போய்விட்டது. விடிந்து ஸ்டேஷனிலிருந்து வெளியே விட்ட பிறகுதான் மாயாண்டிக்குத் தெரியும்.

கடிதத்தை நீட்டினேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். ஒச்சாயி வீட்டுக்குள்ளிருந்து வரவே இல்லை.

"ஒங்க சாமி நல்லவராத்தேன் இருப்பாரு" என்றார் மாயாண்டி. "சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமில்ல."

அவர் குரலில் கோபம் இல்லை. பிறகு கடிதத்தை என் பக்கமே தள்ளினார். "எனக்கு இனி எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கைப்பிள்ளை இருக்கு. அவன் பேர எழுதுங்க. ரேகை கேக்காதீக."

எழுதினேன்.

கடவுளின் ஆட்சி நல்லது என்பதை இன்றும் நம்புகிறேன். அவருக்கு வேலைக்காரனாக இருக்க எனக்கு யோக்கியதை உண்டா என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். திரும்பும் பஸ் நாலு மணிக்கு, தவறினால் மறுநாள்தான். மைப்பெட்டி வேண்டாம், பெயரை வாயால் சொன்னால் போதும். பையில் கடிதம் இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள், பிரசங்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு விலக்குக் கிடைத்தது. மாயாண்டி இப்போதும் பொழுது சாய்ந்தால் போர்த்திப் படுக்கத் துப்பட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார்.