ஐவரியா, ஆஃப் ஒயிட்டா?

பெரம்பலூரில் நாங்கள் கட்டியிருக்கும் வீட்டின் முன்னறையில் இன்று காலை பெயிண்டர் இரண்டு பட்டை அடித்துக் காட்டினார். ஒன்று 'மார்னிங் மிஸ்ட்'டாம், இன்னொன்று 'பேர்ல் டச்'சாம். பெயர் வைத்தவனுக்கு வேறு வேலை இல்லை. என் கண்ணுக்கு இரண்டும் சோறு வடித்த கஞ்சித் தண்ணீர்தான். "எதுங்க நல்லாருக்கு?" என்றாள் மனைவி. பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. எனக்கு அரியலூர் ஞாபகம் வந்துவிட்டது.

படித்து முடித்த கையோடு அங்கே ஒரு லாரி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். வாசலில் நாள் முழுக்க சிமெண்ட் லாரிகள். டீயில்கூட தூசி மிதக்கும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் மேனேஜருக்கு அதெல்லாம் கவலையில்லை. தன் அறைக்கு ஐவரியா, ஆஃப் ஒயிட்டா என்பதுதான் ஒரு வாரமாக அவர் கவலை. அரண்மனையில் பிறந்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஐவரிதான் சார், உங்க பர்சனாலிட்டிக்கு" என்றார் கேஷியர்.

அடுத்து நான். "ஐவரிங்க சார். ராயலா இருக்கு." ராயல் என்று நான் அதுவரை பார்த்தது டீக்கடைப் போர்டில் மட்டும்தான்.

மூன்றாவதாக டைப்பிஸ்ட் மும்தாஜ். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சுவரில் அடித்துக் காட்டியிருந்த இரண்டு பட்டைகளையும் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒன்னாத்தான் சார் தெரியுது. எத அடிச்சாலும் ஒரு மாசத்துல சிமெண்ட் கலராயிடும். அதுக்கு அந்த பாத்ரூமுக்கு ஒரு தாப்பா போட்டுக் குடுங்க, புண்ணியமாப் போவும்."

மேனேஜர் சிரித்தார். அடுத்த மாதமே, ஆள் அதிகம் என்று சொல்லி மும்தாஜை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று மும்தாஜ் என் மேசையைக் கடந்தபோது, எழுதாத பில் புத்தகம் ஒன்றில் நான் மும்முரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தேன். மேனேஜரை அற்பர் என்று சொல்லிவிடுவது எளிது. அவரைவிட அற்பன் ஒருவன் அந்த ஆபீசில் இருந்தான்.

பல வருடம் கழித்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மும்தாஜே என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். பேச்சில் துளி கோபமில்லை.

"கடைசில எந்தக் கலர்தான் அடிச்சாரு அந்த ஆளு?"

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அந்தக் கலருக்காகப் பொய் சொன்னவன் நான்; வேலையை இழந்தவர் அவர்.

போய்ப் பார்த்துவிட்டாவது வரலாமென்றால், ரோட்டை அகலமாக்கும்போது அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். சுவர் இருந்த இடத்தில் இப்போது தார்.