கொசுவர்த்திப் புகைக்குள் ஒரு மழைக்காலம்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு என்று தெரிந்த அன்றே, என் கணவர் படுக்கையறைச் சன்னல்களை இறுகச் சாத்திவிட்டார். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. திண்டுக்கல்லில் மழை விட்டபாடில்லை. டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதால், பிளக்கில் மாட்டும் கொசு மருந்து விடிந்ததிலிருந்தே ஓடியது. கரண்ட் போனால் கொசுவர்த்தி. அந்த வாடை என் சேலையில் ஏறி, சோற்றிலும் ஏறியது. வாசல் பக்கம் போனாலே, "உள்ள போ தாயி, கடிச்சு வச்சிரும்" என்று மாமியார் திருப்பி அனுப்புவார்.

ஒருநாள் மதியம் கரண்ட் இல்லை. புகையில் இருமல் அடங்காமல் சன்னலைத் திறந்தேன். மாமியார் ஓடிவந்து சாத்தினார். நான் அழுதுவிட்டேன். அவர் என் அருகில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவருக்கும் இருமல் வந்தது.

"இம்புட்டுப் புகையிலயா கெடக்க?" என்றவர், கொசுவர்த்தியை வெளியே வைத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். "வரும்போது சன்னலுக்கு வலை வாங்கிட்டு வாப்பா. கொசு கடிக்கிறதுக்கு முன்னாடி நாமளே இவளக் கொன்னுருவோம் போல."

அன்று மாலையே வலை அடித்தார்கள். காற்று வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர, பிரசவம்வரை என்னை வாசல் தாண்ட விடவில்லை.